ஏர் ரைபிள் வாங்க இணையமா, கடையா? பார்சல் கூலியையும் சேர்த்து ஒரு கணக்கு

இரண்டு ஆண்டுகளுக்கு முன் எனக்கென்று ஓர் ஏர் ரைபிளை (காற்றுத் துப்பாக்கியை) இணையத்தில் வாங்கினேன். 10 மீட்டர் துப்பாக்கி சுடும் பயிற்சியில் சேர்ந்திருக்கும் என் மகளுக்கு அதே மாடலைச் சென்ற மாதம் கோயம்புத்தூரில் ஒரு கடையில் வாங்கினேன். இரண்டு வழியிலும் பணம் கொடுத்துப் பார்த்தவன் என்ற முறையில், பொள்ளாச்சியைப் போல ஒரு மணி நேரப் பயணத்தில் கடை இருக்கும் ஊர்க்காரர்களுக்குக் கடையே நல்லது என்று உறுதியாகச் சொல்வேன்.

சட்டப்படி இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழலின் துளை 0.177 அங்குலத்தையும் குண்டின் ஆற்றல் 20 ஜூல் அளவையும் தாண்டாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. அடையாளச் சான்றின் நகலை இரண்டு இடங்களிலும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். மாடல்களின் எண்ணிக்கையில் இணையமே மேல். கடையில் எங்களுக்குக் காட்டியவை மூன்றே மூன்று.

விலையில்தான் கண் ஏமாறுகிறது. மகளுக்கு வாங்கும்போது இணையத்தில் 15,000 ரூபாய், கடையில் 16,200 ரூபாய். ஆனால் நான் பார்த்த இணையக் கடையில் காட்டும் விலையில் பார்சல் கூலி சேராது. ஆர்டரை உறுதிசெய்த பிறகுதான் அது தனியே வரும். ரைபிளும் அட்டைப் பெட்டியும் சேர்ந்து தராசில் 5 கிலோதான் இருக்கும் என்றாலும், கூரியர் நிறுவனங்கள் தராசு எடையையும் பெட்டியின் கன அளவைக் கொண்டு கணக்கிடும் எடையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்கே கட்டணம் வாங்குகின்றன. 120 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 15 செ.மீ. உயரம் கொண்ட பெட்டி என்றால் மூன்றையும் பெருக்கி, வழக்கப்படி 5,000ஆல் வகுக்க, 10.8 வருகிறது, அதை 11 கிலோ என்று எழுதிக்கொள்கிறார்கள். கிலோவுக்கு 100 ரூபாய் வீதம் 1,100, இன்சூரன்ஸ் 300, இரண்டுக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி 252 என மொத்தம் 1,652 ரூபாய். இணையத்தில் மிச்சமாகும் என்று நினைத்த 1,200 ரூபாய் இதிலேயே கரைந்து, மேலும் 452 ரூபாய் கைவிட்டுப் போகிறது.

இதையாவது ஒருமுறைச் செலவு என்று ஏற்றுக்கொள்ளலாம். என்னை முடிவெடுக்க வைத்தது பழுதுபார்ப்பு. எங்களுடையதைப் போன்ற, ஸ்பிரிங் விசையால் காற்றை அழுத்திச் சுடும் ரைபிளில், காற்று கசியாமல் தடுக்கும் பிஸ்டன் சீல் தேயும், ஸ்பிரிங் தளரும். குண்டு வழக்கமான இடத்துக்குக் கீழே விழத் தொடங்கும்போதுதான் நமக்குத் தெரியவரும். என் ரைபிளுக்கு ஓராண்டுக்குள் சீல் போனது. வாரண்டி இருந்ததால் சீலுக்குப் பணம் வாங்கவில்லை, ஆனால் ரைபிளை அனுப்பும் கூலியும் திரும்பப் பெறும் கூலியும் என்னுடையவை. அதே நீளப் பெட்டி, அதே 11 கிலோ, இரண்டு முறை. சில நூறு ரூபாய் பெறும் ஒரு சீலுக்காக மூவாயிரத்துக்கும் மேல் செலவானது. அதற்கு முன், துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்டதுமே இரண்டு கூரியர் நிலையங்கள் பார்சலை ஏற்க மறுத்தன. உரிமம் தேவையில்லாத வகை என்பதைப் பில்லைக் காட்டி விளக்கிய பிறகே மூன்றாவது இடத்தில் வாங்கிக்கொண்டார்கள். மகளின் ரைபிளுக்கு அப்படி ஏதும் வந்தால், அதை உறையில் இட்டுப் பில்லோடு பேருந்தில் எடுத்துச் சென்று கடையில் கொடுத்துவிட்டு வரலாம். அவர்களே பிரித்துப் பார்த்து மாற்றித் தருகிறார்கள் என்பதைப் பணம் கொடுக்கும் முன்பே கேட்டு உறுதிசெய்துகொண்டேன். அந்த வசதி இல்லாத கடையில் வாங்கினால், கூடுதலாகக் கொடுக்கும் 1,200 ரூபாய்க்குப் பொருளே இல்லை.

பக்கத்தில் கடையே இல்லாதவர்களுக்கு என் கணக்கு அப்படியே பொருந்தாது. அவர்கள் பெட்டியின் மூன்று அளவுகளையும், வாரண்டிக் காலத்தில் போக்குவரத்துக் கூலி யாருடையது என்பதையும் பணம் கட்டும் முன் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். காற்றை அழுத்தி அடைக்கும் பிசிபி வகையை நான் வைத்திருந்ததில்லை. அதை அனுப்புவதானால் சிலிண்டரை முழுவதும் காலிசெய்தே அனுப்ப வேண்டும் என்பதை மட்டும் சொல்லலாம்.

பெல்லெட்டுகளை (ரைபிளில் போடும் சிறு குண்டுகளை) இப்போதும் இணையத்தில்தான் வாங்குகிறேன். அரை கிராம் எடையுள்ள 500 பெல்லெட்டுகள் கொண்ட டப்பா கால் கிலோதான். உள்ளங்கையில் அடங்கும் அந்தப் பெட்டிக்குக் கன அளவுக் கணக்கு எதையும் கூட்டுவதில்லை.