சுங்கை சிப்புட் மாடல் கடை: லோரி அசல், சீட்டு தப்பு

பால்மரத் தோட்டங்களை ஒட்டிய ஊரில், மூக்கில்லாத பழைய அமெரிக்க லோரிகளின் 1:25 அளவு கிட்டுகள் (பாகங்களை ஒட்டிச் செய்யும் மாடல்கள்) இத்தனையா! ஆனால் கடைக்காரர் ஒட்டிய சீட்டை நம்பாதீர்கள். ஜிஎம்சி ஆஸ்ட்ரோ 95, செவர்லே டைட்டன் 90 இரண்டுக்கும் ஒரே கேபின்; முகப்பு எழுத்தைப் பார்த்தால்தான் பிரித்தறியலாம். இங்கே சீட்டில் இரண்டுமே ‘ஆஸ்ட்ரோ’. ‘ஒயிட் ஃப்ரைட்லைனர்’ என்று இரட்டைப் பெயர் இருந்தால், அது 1977 வரை ஒயிட் கம்பெனி விற்ற காலத்து வண்டி.

வாங்குமுன் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள், முகம் சுளிக்கமாட்டார். டயர் தொட்டுக்கொண்டிருக்கும் பாகங்களைப் பாருங்கள்: மென்மையான வினைல், வருடக்கணக்கில் பிளாஸ்டிக்கை உருக்கிப் பள்ளம் போட்டிருக்கும். டீகல் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் எழுத்து, சின்னத் தாள்) மஞ்சளித்திருந்தால் தண்ணீரில் நொறுங்கலாம். முதலில் கிளியர் ஸ்ப்ரே அடித்துக் காயவிட்டு, ஒவ்வொன்றையும் ஓரத்தை ஒட்டினாற்போல் வெட்டி நனையுங்கள். விலை மட்டும் கொஞ்சம் உறுத்துகிறது.