ஆதார் போதும் என்றார் ஏஜென்ட்: சிங்கப்பூரில் கப்பல் ஏறப் போகிறவர்களுக்கு

சிங்கப்பூரில் கப்பல் ஏறி, மலேசியாவின் பினாங்கும் தாய்லாந்தின் புக்கெட்டும் பார்த்துவிட்டுத் திரும்பும் நான்கு இரவுப் பயணம். போன டிசம்பரில் நாங்கள் ஆறு பேர் போனோம்: மாமனார், மாமியார், வீட்டுக்காரர், கொழுந்தனார், என் மகள், நான். எல்லோரும் முழுசாக வீடு வந்து சேர்ந்துவிட்டோம், அதனால் இதை ஒப்பாரியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் கரையில் இறங்கும்போது கையில் எந்த அடையாளத்தை வைத்துக்கொள்வது என்ற சின்ன விஷயத்தில் அடுத்தடுத்து இரண்டு நாள் அடிபட்டோம். முதல் நாள் ஒன்றுமில்லாமல் போய். மறுநாள் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போய்.

ஏஜென்ட் சொந்தக்காரர் ஒருவர் சொல்லி வந்தவர். பேரைச் சொல்லப் போவதில்லை. வாட்ஸாப் குரூப் ஆரம்பித்துத் தினமும் காலையில் ரோஜாப்பூ அனுப்புகிற ரகம். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் வாய்ஸ் நோட் வந்தது. "மேடம், பாஸ்போர்ட்ட எல்லாம் கேபின் லாக்கர்லயே வெச்சுப் பூட்டிருங்க. வெளிய கொண்டு போனாத்தான் தொலையும். இறங்கறதுக்குக் கப்பல் கார்டே போதும். பெரியவங்க வேணும்னா ஆதார் வெச்சுக்கட்டும்ங்க." கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. பாஸ்போர்ட் தொலைந்த கதைகளைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம்.

கூடவே, மூன்று நாட்டு அரைவல் கார்டு (நாட்டுக்குள் நுழையும் முன் ஆன்லைனில் நிரப்பும் விவரப் படிவம்) நிரப்பித் தர ஃபார்ம் ஒன்றுக்கு 750 ரூபாய் என்று ஆறு பேருக்கு 13,500 ரூபாய் வாங்கினார். சிங்கப்பூரின் எஸ்ஜி அரைவல் கார்டு, மலேசியாவின் எம்டேக், 2025 மே முதல் தாய்லாந்து கேட்கிற டிடேக், மூன்றுமே அந்தந்த அரசாங்கத் தளத்தில் இலவசம் என்பது கப்பலில் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்த மதுரைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. அவர் அத்தனையையும் போனிலேயே நிரப்பியிருந்தார். நிரப்பித் தருகிற வேலைக்குக் கூலி வாங்குவதை நான் தப்பென்று சொல்லமாட்டேன். பில்லில் அதை 'அரசுக் கட்டணம்' என்று எழுதியிருந்தார், அதுதான் எரிச்சல்.

கப்பல் கார்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் குழப்பமே அதில்தான் ஆரம்பித்தது. ஏடிஎம் கார்டு அளவில் இருக்கிறது. கேபின் கதவு அதில்தான் திறக்கும், கடையில் செலவும் அதில்தான் ஏறும். மேலே என் பெயர், கப்பலின் பெயர், கிளம்பும் தேதி, ஆபத்து வந்தால் எங்கே கூட வேண்டும் என்பதற்கு ஓர் எழுத்து. முகம் இல்லை, பிறந்த தேதி இல்லை, எந்த நாட்டுக்காரி என்பதும் இல்லை. வாசலில் ஸ்கேன் செய்தால், ஏறும் நாளில் எடுத்த படம் அவர்கள் திரையில் வருகிறது. அந்தத் திரை கப்பலில் இருக்கிறது. கரையில் நிற்கிற இமிக்ரேஷன் அதிகாரிக்கு என் கார்டு வெறும் பிளாஸ்டிக்.

பினாங்கில் மதியம் ஒரு மணிக்கு ஸ்வெட்டன்ஹாம் துறையில் கட்டினார்கள். மாமியாருக்கு அந்த ஊர் ஒரு கனவு. அவருடைய அப்பா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி பினாங்கு போய்ச் சில வருடம் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். அங்குள்ள தண்ணீர்மலை முருகனைப் பற்றி மாமியார் சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறார். அதற்காகவே ஏஜென்ட் மூலம் வேன் பேசி, முழுப் பணமும் முன்கூட்டியே கட்டியிருந்தோம். துறையில் இறங்கியதும் ஆறு பேரும் கப்பலைப் பின்னால் வைத்து ஒரு படம் எடுத்தோம். மாமியார் ஆதாரை நெஞ்சுக்கு நேரே அட்டை மாதிரி பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் படத்தை ஏஜென்டுக்கு அனுப்பி, 'வந்துட்டோம்ங்க' என்று வேறு போட்டேன்.

பத்து நிமிடம் கழித்து இமிக்ரேஷன் கவுண்டர். அதிகாரி ஒரு தமிழ்ப் பெண். பாஸ்போர்ட் கேட்டார். மாமியார் ஆதாரை நீட்டினார். அந்தப் பெண் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரிக்காமல் சொன்னார்: "இது உங்க ஊருக்குத்தான்மா. இங்க செல்லாது." 2023 டிசம்பரிலிருந்து மலேசியா இந்தியர்களிடம் விசா கேட்பதில்லை. ஆனால் விசா வேண்டாம் என்பதற்கும் பாஸ்போர்ட் வேண்டாம் என்பதற்கும் உள்ள தூரம் எங்களுக்கு அந்தக் கவுண்டரில்தான் உறைத்தது.

திரும்ப வரிசையில் நின்று, பை சோதனை முடித்து, கப்பலேறி, லிஃப்டுக்குக் காத்து, லாக்கரைத் திறந்து, மறுபடி இறங்கி, புதிதாக நீண்டிருந்த வரிசையின் கடைசியில் நின்று வெளியே வந்தபோது மூன்றே கால். வேன்காரர் அரை மணி நேரம்தான் காத்திருப்பாராம், போய்விட்டார். பணமும் போனது. மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. குயீன் தெருவிலுள்ள மகாமாரியம்மன் கோயிலுக்கு நடந்தே கூட்டிப்போனோம். 1833-இல் கட்டிய கோயில். மாலை நடை திறக்கும்வரை எதிரே ஒரு கடைத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பூக்கடை, பாத்திரக்கடை, ஸ்பீக்கரில் நம் ஊர்ப் பாட்டு. கொஞ்சம் தேறினார்.

எங்கள் மேலும் தப்பு இருக்கிறது. முந்தின இரவு கேபினில் வைத்துவிட்டுப் போன மறுநாள் நிகழ்ச்சி நிரலில், பினாங்கில் இறங்க அசல் பாஸ்போர்ட் வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. எந்த நேரத்தில் எந்தச் சாப்பாடு என்ற பட்டியலுக்குக் கீழே. நாங்கள் பட்டியலோடு நிறுத்திக்கொண்டோம்.

இனி புக்கெட்.

சூடுபட்ட பூனை கதையாக, மறுநாள் ஆறு பாஸ்போர்ட்டையும் ஒரு இடுப்புப் பையில் அடைத்து வீட்டுக்காரர் கட்டிக்கொண்டார். எங்கள் பயணத்தில் புக்கெட்டுக்குக் கப்பல் கார்டும் பாஸ்போர்ட் நகலும் போதும் என்று வரவேற்பில் இருந்த பெண் தெளிவாகச் சொன்னார். நேற்றைக்குப் பிறகு யார் நம்புவது? அசலே இருக்கட்டும் என்று கிளம்பினோம். அங்கே பெரிய கப்பல் கடலிலேயே நிற்கும், சிறு படகில் பாத்தோங் கடற்கரைக்குக் கொண்டுவிடுவார்கள்.

கொழுந்தனாருக்கு ஸ்கூட்டர் ஆசை. ஒரு நாளைக்கு 300 பாத். கடைக்காரர் நல்ல சிரிப்பு முகம். "ஷிப்பில் வந்தீர்களா? எத்தனை மணிக்கு ஷிப்?" என்று விசாரித்தார். அக்கறை என்று நினைத்தேன். டெபாசிட்டாக அசல் பாஸ்போர்ட் வேண்டும் என்றார். பை இடுப்பிலேயே இருந்தது. எடுத்துக் கொடுத்துவிட்டோம். இல்லாமல் இருந்திருந்தால் ரொக்க டெபாசிட் பேசியிருப்போம், அல்லது வேறு கடை பார்த்திருப்போம். (அங்கே ஸ்கூட்டர் ஓட்ட இன்டர்நேஷனல் பெர்மிட்டும் வேண்டும், அதுவும் கொழுந்தனாரிடம் இல்லை. ஆர்டிஓ ஆபீசில் ஆயிரம் ரூபாய் வேலை. போலீஸ் நிறுத்தாதது எங்கள் அதிர்ஷ்டம்.)

மூன்று மணிக்குக் கொழுந்தனார் வண்டியைத் திருப்பிக் கொடுத்தார். கடைக்காரர் நேராகக் குனிந்து, கால் வைக்கிற பலகைக்கு அடியில் ஒரு கீறலைக் காட்டினார். காட்டுவதற்கு முன் தேடவே இல்லை. விரல் நீளக் கீறல். அதற்குள் செம்மண் காய்ந்து இறுகிக் கிடந்தது, நகத்தால் சுரண்டினாலும் வரவில்லை. அன்று காலையிலிருந்து மழையும் இல்லை, மண் ரோட்டில் போகவும் இல்லை. பேனலை மாற்ற வேண்டும், 25,000 பாத் என்றார். சிரிப்பு அப்படியே இருந்தது.

கடைசிப் படகு ஐந்து மணிக்கு, இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறதே என்ற தைரியத்தில் வீட்டுக்காரர் சண்டை போட ஆரம்பித்தார். அப்போது மகள் கையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, என் வாட்ச்ல நாலு ஆகுது." எங்கள் போன்கள் தாய்லாந்து நேரத்துக்குத் தானாகவே மாறியிருந்தன. அவளுடைய பொம்மை வாட்ச் மாறவில்லை, கப்பலும் மாறவில்லை. இரண்டும் சிங்கப்பூர் நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தன. சிங்கப்பூரை விடத் தாய்லாந்து ஒரு மணி நேரம் பின்னால். ஆக எங்களுக்கு மிச்சம் ஒரு மணி நேரம், அதில் படகுத்துறைக்கு நடை. காலையில் கடைக்காரர் ஏன் கப்பல் நேரம் கேட்டார் என்பது அப்போதுதான் புரிந்தது.

தாய்லாந்தின் சுற்றுலாப் போலீஸ் எண் 1155. மதுரைக்காரர் புண்ணியத்தில் போனில் இருந்தது. போட்டேன். ஆங்கிலத்தில் பேசினார்கள், ஆள் அனுப்புகிறோம், காத்திருங்கள் என்றார்கள். கடைக்காரர் காதில் விழும்படி ஸ்பீக்கரில் போட்டேன். 25,000 என்பது 15,000 ஆனது. போலீஸ் வரும்வரை நின்றிருந்தால் ஒன்றுமே கொடுக்க வேண்டி வந்திருக்காது என்று இன்றைக்கும் நம்புகிறேன். நிற்க நேரமில்லை. 9,000 பாத்துக்கு முடித்து, பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு, மாமனாரைக் கைத்தாங்கலாக இழுத்துக்கொண்டு ஓடினோம். நம் பணத்தில் 25,000 ரூபாய்க்கு மேல்.

படகு போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று இரவு வரவேற்பில் கேட்டேன். கப்பல் காத்திருக்காது. பாஸ்போர்ட் கேபினில் இருந்தால் எடுத்துத் துறைமுகத்திலுள்ள தங்கள் ஏஜென்டிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள், அதை வாங்கிக்கொண்டு சொந்தச் செலவில் சிங்கப்பூருக்கு விமானம் பிடிக்கலாம். பாஸ்போர்ட் ஸ்கூட்டர் கடையில் இருந்தால்? அந்தப் பெண் தோளைக் குலுக்கினார். தொலைந்தது என்று புகார் எழுதி, பாங்காக்கிலுள்ள நம் தூதரகத்தில், பாஸ்போர்ட்டுக்குப் பதிலாக ஊர் திரும்பத் தருகிற அவசரச் சான்றிதழுக்கு நின்றிருக்க வேண்டும். இன்னொன்றும் இப்போது தெரிந்துகொண்டேன். 1967-ஆம் வருடப் பாஸ்போர்ட் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி பாஸ்போர்ட் இந்திய அரசாங்கத்தின் சொத்து. அடகு வைக்க நமக்கே உரிமையில்லாத பொருளை 300 பாத் வண்டிக்கு வைத்திருக்கிறோம்.

அதற்குப் பிறகு கேட்கிறவர்களுக்கெல்லாம் நான் சொல்வது இது. ஒவ்வொரு துறைமுகத்துக்கும் முந்தின இரவு கப்பல் வரவேற்பில் போய், "நாளைக்கு இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்கு அசல் வேண்டுமா, நகல் போதுமா?" என்று கேளுங்கள். இந்தியர் என்பதைச் சேர்த்துக் கேளுங்கள், பக்கத்தில் நிற்கும் சிங்கப்பூர்க்காரருக்குச் சொன்ன பதில் நமக்குப் பொருந்தாமல் போகலாம். அசல் வேண்டுமென்றால் அவரவர் பாஸ்போர்ட் அவரவரிடம், சட்டைக்கு உள்ளே. கவுண்டர் தாண்டிய பிறகு கடைக்காரர், வண்டிக்காரர், ஜெட் ஸ்கீக்காரர் யார் கேட்டாலும் நகல்தான். முகம் உள்ள பக்கம், விலாசம் உள்ள கடைசிப் பக்கம், சிங்கப்பூர் விசா, மூன்றையும் தாளில் ஒரு நகல், போனில் ஒரு படம். படத்தோடு ஓர் அட்டை கையில் வேண்டுமென்றால் டிரைவிங் லைசென்ஸ் கொண்டு போகலாம், போனாலும் உயிர் போகாது. ஸ்கூட்டர் எடுத்தே தீருவேன் என்பவர்கள் எடுக்கும்போதே அடிப்பக்கம் உட்படச் சுற்றிலும் வீடியோ எடுத்துவிடுங்கள்.

டெக்சாஸில் இருக்கும் என் தங்கை, அமெரிக்காவில் கப்பலேறி அதே துறைமுகத்துக்குத் திரும்புகிற பயணத்துக்குப் பர்த் சர்டிபிகேட்டே போதும் என்று குடும்பக் குரூப்பில் எழுதிக் குழப்பியிருந்தாள். அது அமெரிக்கக் குடிமக்களுக்கு. அங்கேயும் நம் பாஸ்போர்ட்காரர்களுக்குப் பாஸ்போர்ட்தான்.

சிங்கப்பூர் விசா பலமுறை நுழைவதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கப்பலில் கிளம்பினாலே நாட்டை விட்டுப் போனதாகக் கணக்கு. திரும்பி இறங்க எஸ்ஜி அரைவல் கார்டு மறுபடியும் வேண்டும், அதை ஏஜென்ட் மறந்தேவிட்டார். கடைசி இரவு கப்பல் வைஃபைக்குக் காசு கட்டி, ஆறு பேருக்கும் நானே நிரப்பினேன். ஆளுக்கு நான்கு நிமிடம் ஆனது.

ஊர் வந்ததும் 13,500 ரூபாயையும் வேன் பணத்தையும் திருப்பிக் கேட்டேன். "மேடம், டூர்ல இதெல்லாம் சகஜம்ங்க" என்று பதில் வந்தது, கூடவே ரோஜாப்பூ. போன வாரம் அவருடைய ஸ்டேட்டஸ் பார்த்தேன். 'எங்கள் மகிழ்ச்சியான வாடிக்கையாளர்கள், பினாங்கு' என்று எங்கள் படம். நடுவில் மாமியார், நெஞ்சுக்கு நேரே ஆதார்.