மாத்திரையா, மாத ஊசியா? மனச்சிதைவு நோய் திரும்பாமல் இருக்க எது கைகொடுக்கும்

மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) அடங்கிய பிறகு மறுபடி தலைதூக்கப் பல காரணங்கள் உண்டு. முதல் இடம் மருந்து நின்றுபோவதற்குத்தான். 2012இல் வெளிவந்த 65 ஆய்வுகளின் தொகுப்பு சொல்வது இது: ஓராண்டில் மருந்தைத் தொடர்ந்தவர்களில் 27 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது, வெற்று மாத்திரைக்கு மாற்றப்பட்டவர்களில் 64 சதவீதம் பேருக்கு. மாதக்கணக்கில் விட்டால்தான் ஆபத்து என்றும் இல்லை. கலிபோர்னியாவில் நடந்த ஆய்வொன்றில், ஓராண்டில் பத்து நாள் வரை இடைவெளி விட்டவர்களுக்கே மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது.

ஆகவே "ஊசிதான் பவர் ஜாஸ்தியா?" என்று கேட்பதில் பயனில்லை. வாய் வழியாகப் போனாலும் இடுப்பு வழியாகப் போனாலும் ஹாலோபெரிடால் என்ற மருந்து ஹாலோபெரிடால்தான். மருந்து எங்கே விட்டுப்போகும், விட்டுப்போனால் யாருக்கு எப்போது தெரியும் என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

மாத்திரையின் பலம், கையில் பிடி இருப்பது. கை நடுங்கினாலோ, ஓரிடத்தில் உட்கார முடியாமல் தவித்தாலோ, டாக்டர் அளவைக் குறைத்ததும் சில நாளில் தணியும். பலவீனம், அது விட்டுப்போவது வெளியே தெரியாது. நாக்கடியில் ஒதுக்கித் துப்புவது ஒரு வகை. அதற்கு வாயிலேயே கரையும் மாத்திரை ஓரளவு உதவும். "இப்பத்தான் நல்லா இருக்கே, எதுக்கு?" என்று வீட்டாரே நிறுத்துவது இன்னொரு வகை, இதுதான் அதிகம். எண்ணிப் பார்ப்பதே எளிய சோதனை: தினம் ஒன்று வீதம் முப்பது வாங்கி இருபது நாளானால் ஸ்ட்ரிப்பில் பத்துதான் மிஞ்ச வேண்டும். காலை, மதியம், இரவு என்று பிரிந்திருந்தால் இரவு ஒரே வேளையாக்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மதிய வேளைதான் முதலில் நழுவும். காப்பியில் பொடித்துக் கலப்பது மட்டும் வேண்டாம். தெரியவந்த அன்றே மருந்தோடு சாப்பாட்டையும் சந்தேகிக்கத் தொடங்கிவிடுவார்.

ஊசியில் விட்டுப்போன தேதி அன்றைக்கே தெரிந்துவிடும். அதன் உண்மையான லாபம் அதுதான். அரசு மருத்துவமனைகளில் நெடுங்காலமாகப் புழங்கும் ஃப்ளூபெனசின் டெக்கனோயேட், நல்லெண்ணெயில் கரைத்த மருந்து. எள் ஒவ்வாமை இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கெட்டியாக இருப்பதால் 21 கேஜ் ஊசி தேவை. சிரிஞ்சில் ஈரம் இருந்தால் மருந்து கலங்கிவிடும். தோலை ஒரு பக்கம் இழுத்துப் பிடித்து ஆழமாகப் போட்டு, பிறகு தேய்க்காமல் விடுவார்கள். புதிய மாத ஊசியான பாலிபெரிடோனில் முதல் நாள் 150 மி.கி., எட்டாம் நாள் 100 மி.கி., இரண்டும் தோள்பட்டையில். பிறகு மாதம் ஒன்று. கடைசி ஊசி போட்டு ஆறு வாரம் தாண்டிவிட்டால் வழக்கமான ஒரு ஊசியோடு முடியாது, மறுதொடக்க அட்டவணைப்படி போட வேண்டும்.

ஊசியின் வில்லங்கமும் அந்த நீண்ட ஆயுளில்தான். பக்கவிளைவு வந்தால் திரும்ப எடுக்க வழியில்லை, வாரக்கணக்கில் இழுக்கும். அதனால் அதே மருந்தை முதலில் மாத்திரையாகக் கொடுத்து ஒத்துக்கொள்கிறதா என்று பார்ப்பது வழக்கம். ஒரு மாதம் தவறியும் ஒன்றும் ஆகவில்லையே என்ற தைரியம் இன்னொரு பொறி. மருந்து மெல்ல வடிகிறது, அவ்வளவுதான்.

ஆய்வுகளிலும் இழுபறி உண்டு. இரு தரப்பையும் அடிக்கடி வரவழைத்துக் கவனித்த சோதனைகளில் வித்தியாசம் சிறிதாகவே தெரிந்தது. அங்கே மாத்திரைக்காரர்களும் ஒழுங்காகத்தான் விழுங்கியிருப்பார்கள். ஸ்வீடனில் 29,823 பேரின் பதிவேடுகளைப் பார்த்தபோது, அதே மருந்தை ஊசியாகப் பெற்றவர்கள் மீண்டும் மருத்துவமனையில் சேரும் ஆபத்து 20 முதல் 30 சதவீதம் குறைவு. நம் வீடுகள் சோதனைக்கூடத்தைவிட ஸ்வீடனின் பதிவேட்டுக்குத்தான் நெருக்கம் என்பது எங்கள் கணிப்பு. மாத்திரையை விட்டு ஒருமுறை நோய் திரும்பியிருந்தால், இரண்டாம் முறைக்குக் காத்திராமல் ஊசியைப் பற்றிக் கேட்கலாம்.

க்ளோசபின் என்ற மாத்திரை எடுப்பவருக்கு இந்தத் தேர்வே இல்லை. அதற்கு மாத ஊசி கிடையாது. 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவை அப்படியே விழுங்கக் கூடாது. 12.5 மி.கி.யிலிருந்து ஏற்ற வேண்டும், டாக்டரைக் கேட்டுத்தான். பீடி, சிகரெட் புகை இந்த மருந்தின் அளவை ரத்தத்தில் குறைக்கும். திடீரென்று புகையை விட்டால் அளவு கூடி மயக்கமும் வலிப்பும்கூட வரலாம்.

கஞ்சாவையும், "சோம்பேறி, வேலைக்குப் போகத் துப்பில்லை" என்று நாள் முழுக்கக் குத்தும் வீட்டையும் எந்த ஊசியாலும் ஈடுகட்ட முடியாது. இரண்டுமே நோயைத் திருப்பிக் கொண்டுவருபவை. ஊசித் தேதிக்கு ஒரு வாரம் முன்பே காலண்டரில் வட்டம் போடுங்கள். தூக்கம் இரண்டு மூன்று இரவு கெட்டாலோ, ஜன்னலைச் சாத்தத் தொடங்கினாலோ, தேதி வரட்டும் என்றிருக்காமல் அன்றே கூட்டிப் போங்கள்.