பழைய தண்ணித் தொட்டி கூலர்: மோட்டாரைத் தேத்தறதா, புது பம்ப் போடறதா?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில பெரியப்பா கடையில இருந்த கூலர் பொட்டி இப்ப எங்கிட்ட இருக்கு. மேல மூடியைத் தூக்கிட்டு, உள்ள ரொப்பின தண்ணியில கோலி சோடா, பொவொண்டோ பாட்டிலை முக்கி வைக்கிற டைப். சாதா ஃப்ரிட்ஜை விட இது சீக்கிரம் சில்லுனு ஆக்கும், ஏன்னா தண்ணி காத்தை விட இருபது மடங்குக்கு மேல சூட்டைக் கடத்தும், ஆனா அந்தத் தண்ணி ஓடிக்கிட்டே இருக்கணும். போன சித்திரையில அதுதான் நின்னுபோச்சு. சுவரோரம் இருந்த பாட்டில் ஐஸ்ல ஒட்டிக்கிச்சு, நடுவுல இருந்தது வெதுவெதுன்னு.

தண்ணி 4 டிகிரியிலதான் ரொம்ப கனமா இருக்கும், அதுக்கும் கீழ குளுந்தா லேசாகி மேல ஏறும், அதனால தானா சுத்தற சுத்து அங்க வந்ததும் படுத்துரும். அதுக்குத்தான் பம்ப். ஓடுதான்னு பாக்க ஒரு தெர்மாகோல் துணுக்கைப் போட்டாப் போதும். எங்களுதுல அது போட்ட எடத்துலயே நின்னுச்சு.

பம்ப் மாத்தறதுக்கு முன்னாடி பிளக்கைப் புடுங்கிட்டு இம்பெல்லரை, அதான் தண்ணியைத் தள்ளுற விசிறியை, கழட்டிப் பாருங்க. எனக்கு ஊறிப்போன லேபிள் காகிதம், ஒரு சோடா மூடி, மேல வெள்ளையா உப்புப் படலம். மேக்னசைட்ங்கற வெள்ளைக்கல் வெட்டுற ஊரு, போர் தண்ணி அப்படித்தான் இருக்கும். எலுமிச்சை உப்பு கரைச்ச தண்ணியில ராத்திரி ஊறவெச்சேன், படலம் கழண்டுச்சு. அதுக்கப்புறமும் மோட்டார் உர்ருனுச்சே தவிர சுத்தல. கையால ஆட்டினா ஷாஃப்ட் தடக்தடக்னு ஆடுச்சு, ஷாஃப்டைத் தாங்கற வளையம், அதான் புஷ், தேஞ்சிருக்கு.

கடையில எல்லாரும் சொன்னது ஏர்கூலர்ல போடற 230 வோல்ட் முங்கு பம்பு. வெலை கம்மி, எங்கயும் கெடைக்கும், தண்ணியும் நல்லா தள்ளும். ஆனா அதோட சூடு மொத்தமும் தண்ணிக்குள்ளயே எறங்குது. 18 வாட் பம்பு நாள் பூரா ஓடினா சுமார் நாலரை கிலோ ஐஸை உருக்கற சூடு, கம்ப்ரசர் அதையும் சேத்து இழுக்கணும். அதைவிட பயம் கரண்டு. இரும்புத் தொட்டி, ஈரக் கையி, பாட்டில் எடுக்க வர்ற சின்னப் பசங்க. முன்னாடி ஒரு மெக்கானிக் எர்த் இல்லாம இதைத்தான் போட்டுக் குடுத்தாரு, மூடியைத் தொட்டதும் கையி வெடுக்குனுச்சு, அன்னைக்கே கழட்டிட்டேன். இதுதான் வேணும்னா எர்த்தும் 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபியும் (கரண்டு கசிஞ்சா தானா கட் பண்ற சுவிட்ச்) இல்லாம போடாதீங்க, கெஞ்சிக் கேக்கறேன்.

12 வோல்ட் டிசி பம்பு எவ்வளவோ தேவலை. 5 வாட்தான், ஒன்னேகால் கிலோ ஐஸ் கணக்கோட முடிஞ்சுது, ஷாக் பயமும் இல்ல, ஆனா நல்ல அடாப்டரா வாங்கி தண்ணி படாம வெளிய மாட்டணும். குறைன்னா வாய் சின்னது, சீக்கிரம் அடைச்சுக்கும், வலை கட்டி விடணும்.

மீன் தொட்டி காத்து பம்பை ஏற்காட்டுல ஒரு டீக்கடையில பாத்தேன். அடைக்க ஒன்னுமில்ல, குமிழியே தண்ணியைக் கலக்கிடுது. அந்த மலைக் குளுருக்கு சரி, நம்ம சேலம் வெயில்ல சூட்டுக் காத்தைத்தான உள்ள ஊதும்? பம்பைத் தண்ணி மட்டத்துக்கு மேல வைக்கணும், இல்லாட்டி கரண்டு போனா தண்ணி டியூப் வழியா திரும்பி வந்துரும்.

என் ஓட்டு பழைய மோட்டாருக்குத்தான். அது தண்ணிக்கு வெளிய மேல உக்காந்திருக்கு, நீளத் தண்டு மட்டும் கீழ எறங்குது, சூடு பெரும்பாலும் வெளியவே போயிரும், செஞ்சவன் யோசிச்சு செஞ்சிருக்கான். மல்டிமீட்டர் வெச்சுப் பாத்தேன், உள்ள இருக்கற கம்பிச் சுருள், அதான் வைண்டிங், நல்லாருக்கு. வைண்டிங் போயிருந்தா யோசிக்காம டிசி பம்புக்குப் போயிருப்பேன். வெளிநாட்டு பொட்டின்னா இன்னொன்னு கவனிங்க, 60 ஹெர்ட்ஸ் கரண்டுக்குச் செஞ்ச மோட்டார் நம்ம 50 ஹெர்ட்ஸ் கரண்டுல ஆறுல ஒரு பங்கு மெதுவாத்தான் சுத்தும், அதைக் கோளாறுன்னு நெனைச்சுறாதீங்க.

லேத் பட்டறையில கன்மெட்டல்ல (ஒரு வகை வெண்கலம்) புஷ் கடைஞ்சு வாங்கி, ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு மாட்டினேன். தெர்மாகோல் துணுக்கு தொட்டியை ஒரு சுத்து சுத்தி என் கைக்கே வந்துச்சு.