ஓசூர் வி.ஆர். கடையும் பால்மர் லக்கியின் அரசியலும்

கண்ணை மூடும் பெட்டியைத் தலையில் மாட்டி, வேறோர் உலகத்துக்குள் இருப்பது போல விளையாடும் வி.ஆர். கடை ஒன்றுக்குப் போய்வந்தேன். அந்தப் பெட்டியின் வம்சத்தைத் தொடங்கிய அமெரிக்கர் பால்மர் லக்கியைப் பற்றியும் பேசப்போகிறேன். முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். பத்து நிமிடத்துக்கு 150 ரூபாய், அரை மணிக்கு 350. ஓசூர் பாகலூர் ரோட்டில் ஒரு பேக்கரிக்கு மேலே, மாடிப்படி ஏறினால் இடது பக்கம். கடைப் பெயரை எழுதவில்லை. குறையும் சொல்லப்போகிறேன், கடையைப் பார்த்துக்கொள்ளும் பையனோ தங்கமான பையன். ஐந்துக்கு மூன்று போடுவேன். அந்த மூன்றில் ஒன்று அவனுக்காக.

நான் சிப்காட்டில் மற்ற கம்பெனிகளுக்குப் பாகம் செய்துகொடுக்கும் ஒரு ஜாப் ஒர்க் கம்பெனியில் கியூ.சி., அதாவது தரம் பார்ப்பவன். நாள் முழுக்க மைக்ரோமீட்டர், ஹைட் கேஜ், ரிஜெக்ட் ஆன பீஸ்களுக்குச் சிவப்பு மை. பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் அக்கா மகன்தான், "மாமா, ஒரு தடவை மாட்டிப் பாருங்க, அப்புறம் பேசுங்க" என்று இழுத்துப்போனான்.

அறை பத்துக்குப் பத்து இருக்கும். தரையில் ஜிம்மில் போடுவது மாதிரி ஃபோம் மேட், சுவரிலும் இடுப்பு உயரத்துக்கு அதே மேட். நல்ல ஏற்பாடு, நானே ஒருமுறை கையை ஓங்கிச் சுவரில் அடித்தேன். ஹெட்செட் இரண்டு, இரண்டும் ஃபேஸ்புக்கின் குவெஸ்ட் 2. 2020 அக்டோபரில் வந்த மாடல், எடை அரை கிலோ. கண்ட்ரோலர் பட்டனில் பழைய ஆக்குலஸ் கம்பெனியின் நீள்வட்டச் சின்னம் பாதி தேய்ந்து போயிருந்தது. தலைப்பட்டை தொளதொள. முகத்தில் படும் ஃபோம் முந்தைய ஆளின் வியர்வையோடு ஈரமாகவே இருந்தது. இந்த மாடலின் ஃபோம் சிலருக்குத் தோல் அரிப்பு கொடுக்கிறது என்று 2021-ல் ஃபேஸ்புக்கே விற்பனையை நிறுத்தி, சிலிக்கான் உறை கொடுத்தது. கடையில் அந்த உறை இல்லை. டிஷ்யூ பேப்பர் கேட்டேன், பையன் ஓடிப்போய்க் கீழே பேக்கரியிலிருந்து வாங்கி வந்தான்.

இன்னொன்று. இந்த ஹெட்செட்டில் லென்ஸ்களுக்கு மூன்று இடங்கள் உண்டு: கண்மணிகளுக்கு இடையே 58, 63, 68 மில்லிமீட்டர். லென்ஸைப் பிடித்து நகர்த்தினால் டக்கென்று அடுத்த இடத்தில் உட்காரும். கடையில் வருகிறவர்கள் எல்லோருக்கும் நடு இடம்தான். என் மூக்குக்கண்ணாடிச் சீட்டில் 67 என்று போட்டிருக்கிறது. நான்கு மில்லிமீட்டர் தப்பு என்றால் எங்கள் கம்பெனியில் லாட்டையே திருப்பி அனுப்புவோம். நானே மாற்றிக்கொண்டேன், படம் பளிச்சென்று ஆனது. பையன், "அண்ணா, இது நகருமா?" என்று கேட்டான்.

விளையாட்டுக்கு வருவோம். வரும் கட்டைகளைப் பாட்டுக்கு ஏற்ப வாளால் வெட்டும் பீட் சேபர் அருமை, கொடுத்த காசுக்கு அதுவே போதும். மாடி உச்சியில் பலகைமேல் நடப்பதும் பரவாயில்லை, முழங்கால் நிஜமாகவே ஆடியது. ரோலர் கோஸ்டர்தான் வம்பு. கண் 'ஓடுகிறோம்' என்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு 'நிற்கிறோம்' என்கிறது. இந்தச் சண்டையில் தோற்பது வயிறு. மூன்றாவது வளைவிலேயே கழற்றிவிட்டு, கீழே போய் எலுமிச்சை சோடா குடித்தேன்.

இந்தக் குமட்டலுக்கு ஒரு பெரிய இடத்துக் கதை உண்டு. அமெரிக்க ராணுவம் 2021-ல் மைக்ரோசாஃப்டோடு போர்வீரர்கள் தலையில் மாட்டும் வி.ஆர். மாதிரியான கண்ணாடிக்கு ஒப்பந்தம் போட்டது. பத்தாண்டுக்கு அதிகபட்சம் 2,200 கோடி டாலர் வரை. மாட்டிப் பார்த்த வீரர்கள் பலருக்குத் தலைவலி, கண்வலி, குமட்டல். 2025 பிப்ரவரியில் அந்த வேலை கைமாறியது. வாங்கிக்கொண்டது ஆண்டுரில் என்ற ஆயுதக் கம்பெனி. அதை ஆரம்பித்தவர்களில் முக்கியமானவர் பால்மர் லக்கி. என் முகத்தில் ஈரமாக ஒட்டிய பெட்டியின் வம்சத்தைத் தொடங்கி வைத்த ஆக்குலஸ் கம்பெனிக்காரரும் அவர்தான்.

இவர் கதையை இரண்டு மாதிரி சொல்கிறார்கள். விளையாட்டுப் பிள்ளை வலதுசாரியாகி ஆயுத வியாபாரி ஆனார் என்று ஒரு கட்சி. அநியாயமாகத் துரத்தப்பட்டவர் ஜெயித்துத் திரும்பினார் என்று இன்னொரு கட்சி. தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இரண்டிலும் ஓட்டை தெரிகிறது.

லக்கி 1992-ல் பிறந்தவர், கலிஃபோர்னியாவில் வீட்டிலேயே படித்தவர். உடைந்த ஐபோன்களைச் சரிசெய்து விற்ற காசில் பழைய ஹெட்செட்டுகள் வாங்கிச் சேர்த்தார். பதின்ம வயதிலேயே சொந்தமாக ஒன்று செய்தார். அப்போது தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஓர் ஆய்வகத்தில் பகுதிநேர வேலை. அந்த ஆய்வகம் இருக்கும் நிறுவனம் 1999-ல் ராணுவப் பணத்தில் தொடங்கியது. போரில் மனம் உடைந்த வீரர்களுக்கு வி.ஆர். வழியாகச் சிகிச்சை கொடுக்கும் வேலைகள் நடந்த இடம் அது. அதாவது ராணுவத்தின் நிழல் இவர்மேல் பின்னாளில் விழுந்ததல்ல, முதல் சம்பளத்திலேயே இருந்தது.

2012-ல் தன் ஆக்குலஸ் ஹெட்செட்டுக்காக, பொதுமக்களிடம் பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் இரண்டரை லட்சம் டாலர் கேட்டார், 24 லட்சம் குவிந்தது. 2014 மார்ச்சில் ஃபேஸ்புக் ஆக்குலஸை 200 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. அன்றைய மதிப்பில் 12,000 கோடி ரூபாய், லக்கிக்கு வயது 21. ஹவாய் சட்டை, அரைக்கால் டிரவுசர், காலில் செருப்பு இருந்தால் அதிசயம். எல்லோருக்கும் செல்லப்பிள்ளை.

2016 செப்டம்பரில் வந்தது வினை. ஹிலாரி கிளிண்டனைக் கிண்டல் செய்து பேனர் வைத்த ஒரு டிரம்ப் ஆதரவுக் குழுவுக்கு அவர் 10,000 டாலர் கொடுத்தது செய்தியாக வெளிவந்தது. அன்றைய கணக்கில் ஆறேழு லட்சம் ரூபாய். ஒரு இடைத்தேர்தலில் ஃப்ளெக்ஸுக்கே நம்ம ஊரில் இதைவிட அதிகம் ஆகும். ஆனால் சில கேம் கம்பெனிகள் இனி ஆக்குலஸுக்குச் செய்யமாட்டோம் என்றன. லக்கி மன்னிப்புக் கேட்டார். தான் முன்பு ரான் பால் என்ற அரசியல்வாதியையும், லிபர்டேரியன் என்ற சிறு கட்சியின் வேட்பாளர் கேரி ஜான்சனையும் ஆதரித்தவன், இந்தத் தேர்தலிலும் ஓட்டு ஜான்சனுக்கே என்று எழுதினார். 2017 மார்ச்சில் அவர் ஃபேஸ்புக் வேலையில் இல்லை. அரசியலுக்காக அனுப்பினீர்களா என்று 2018-ல் செனட்டர் டெட் குரூஸ் கேட்டபோது, அரசியல் கருத்து காரணமல்ல என்றார் ஃபேஸ்புக் தலைவர் ஜுக்கர்பெர்க். அரசியல்தான் காரணம் என்று லக்கி இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அவர் தங்கையைக் கட்டியவர் மேட் கேட்ஸ் என்ற டிரம்ப் ஆதரவு அரசியல்வாதி. நம்ம பக்கம் என்றால் 'மச்சான் வழியாக வந்த கட்சி' என்று கதையை முடித்திருப்பார்கள். கல்யாணம் நடந்தது 2021-ல், கணக்கு ஒத்துவராது.

வெளியே வந்த சில மாதங்களில், 2017-லேயே, அரசுகளுக்குத் தரவு ஆராய்ந்து தரும் பாலன்டியர் கம்பெனியில் இருந்து வந்த ட்ரே ஸ்டீபன்ஸ், பிரையன் ஷிம்ஃப் போன்றவர்களோடு ஆண்டுரில் தொடங்கியது. முதல் சரக்கு, மெக்சிகோ எல்லையில் ஆள் நடமாட்டத்தைத் தானே கண்டுபிடிக்கும் கோபுரங்கள். அடுத்த ஆண்டே, ட்ரோன் படங்களை ஆராயும் ராணுவ வேலையை ஊழியர்கள் எதிர்த்ததால் கூகுள் கைகழுவியது. லக்கி மேடை மேடையாகப் போய், ராணுவத்துக்கு வேலை செய்வது வெட்கமல்ல என்று பேசினார். 2020 அக்டோபரில் அவர் வீட்டிலேயே டிரம்புக்கு நிதி திரட்டும் விழா. சரி, அப்புறம் பைடன் வந்தாரே, கடை மூடியதா? 2022 ஜனவரியில் சிறப்புப் படைகளுக்கு ட்ரோன் தடுப்பு வேலை கிடைத்தது, கிட்டத்தட்ட 100 கோடி டாலர் வரை. 2024 ஏப்ரலில் ஆளில்லாப் போர்விமானத் திட்டத்தில் பழைய பெரிய கம்பெனிகளான போயிங், லாக்ஹீட் மார்ட்டின் எல்லாம் வெளியே, ஆண்டுரில் உள்ளே.

2025 மே மாதம் இதற்கெல்லாம் மேல். ஃபேஸ்புக், அதாவது இன்றைய மெட்டா, ஆண்டுரிலோடு சேர்ந்து ராணுவ ஹெட்செட் செய்யப்போவதாக அறிவித்தது. அதற்கு முந்தைய ஆண்டே மெட்டாவின் தொழில்நுட்பத் தலைவர் ஆண்ட்ரூ பாஸ்வொர்த் லக்கியிடம் பொதுவில் மன்னிப்புக் கேட்டிருந்தார். அறிவிப்பு வந்த அடுத்த மாதம் பாஸ்வொர்த் ராணுவ ரிசர்வில் லெஃப்டினன்ட் கர்னல் ஆகிவிட்டார். ஒருகாலத்தில் லக்கியின் 10,000 டாலரில் தீட்டுப்பட்ட கம்பெனிதான் மெட்டா. லக்கி நகர்ந்த தூரத்தைவிட அவரைச் சுற்றி இருந்தவர்கள் நகர்ந்த தூரம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

ஒரே ஓர் இடத்தில் அவரும் நகர்ந்திருக்கிறார், அதை அவரைப் புகழ்பவர்களும் திட்டுபவர்களும் சொல்வதில்லை. ரான் பால் யார்? வெளிநாட்டுப் போரே வேண்டாம், அரசாங்கத்தைச் சுருக்கு, ராணுவச் செலவை வெட்டு என்றவர். அவருக்குக் கைதட்டிய பிள்ளையின் கல்லாப்பெட்டிக்கு இன்று காசு வருவது பெரும்பாலும் அரசாங்கக் கஜானாவிலிருந்து. லக்கியிடம் இதற்குப் பதில் இருக்கிறது. பழைய ஆயுதக் கம்பெனிகள் ஆன செலவைக் காட்டி, அதன்மேல் லாபம் வைத்துப் பில் போடுகின்றன. இழுத்தடித்தாலும் நஷ்டம் அரசுக்குத்தான். நாங்கள் சொந்தக் காசில் செய்து முடித்த பொருளாக விற்கிறோம், வரி கட்டுபவன் பணம் மிச்சம் என்கிறார். இந்தப் பாதி எனக்கு உடனே புரிந்தது. ஜாப் ஒர்க்கில் பீஸ் ரேட்தான், ஸ்கிராப் ஆனால் எங்கள் தலையில். செலவோடு லாபம் என்று ஒரு கஸ்டமர் சொன்னால் எங்கள் முதலாளி அவருக்குத் தினமும் மாலை போடுவார். ஆனால் மலிவாகச் செய்வது வேறு, போர் வேண்டாம் என்பது வேறு. மலிவானால் அதிகம் வாங்குவார்கள், இது எந்தக் கடைக்காரருக்கும் தெரியும்.

இதெல்லாம் ஓசூர்க்காரனுக்கு எதற்கு என்று கேட்கலாம். 2019 ஜனவரியில் தமிழ்நாடு ராணுவத் தொழில் வழித்தடம் தொடங்கியபோது சொன்ன ஐந்து ஊர்களில் ஓசூரும் ஒன்று. எங்கள் கம்பெனியும் விமான பாகத் தரச் சான்றிதழுக்கு ஆடிட்டர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது. பிராக்கெட் எந்த விமானத்துக்குப் போகிறது என்று டிராயிங்கில் இருக்காது, பார்ட் நம்பர் மட்டும் இருக்கும். அக்கா மகனோ ட்ரோன் கோர்ஸ் சேரப்போகிறானாம். சேரட்டும், ஆனால் ஹவாய் சட்டையைப் பார்த்து மயங்காமல், அந்த ஆள் யாருக்குப் பில் போடுகிறார் என்றும் பார் என்றேன். "மாமா, நீங்க இன்னும் மயக்கத்துலதான் இருக்கீங்க" என்று இன்னொரு சோடா சொன்னான்.

போவதாக இருந்தால் வார நாள் மதியம் போங்கள், ஞாயிறு மாலை வரிசை மாடிப்படி வரை நிற்கிறது. அரை மணி டிக்கெட் வாங்கி வாள் விளையாட்டில் தொடங்குங்கள், ரோலர் கோஸ்டரைக் கடைசியில் வையுங்கள் அல்லது விட்டுவிடுங்கள். கர்ச்சீஃப் எடுத்துப்போங்கள். கண்ணாடி போட்டவர்கள், பெட்டியோடு வரும் பிளாஸ்டிக் இடைவளையத்தைக் கேட்டு வாங்குங்கள். மேசை இழுப்பறையில்தான் கிடக்கிறது, பையன் தானாக எடுத்துத் தருவதில்லை. வண்டியைப் பேக்கரி வாசலில் நிறுத்தாதீர்கள், திட்டுவார்கள்.