ரேம் போட்டதும் திரை கறுப்பானால் "போர்டு போச்சு" என்பதை நம்பாதீர்கள்

ஐ5-4210யு பிராசசர், 4 ஜிபி ரேம் உள்ள லேப்டாப். கூடவே 8 ஜிபி போடச் சொல்லி ஒரு மாணவி கடையில் கொடுத்தார். "ஆன் ஆகல, மதர்போர்டு போயிடுச்சு" என்று சொல்லி 4,500 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். போர்டில் யாரும் கையே வைக்கவில்லை. முதல் பில்லில் இருந்த சாம்சங் பார்ட் நம்பர் எம்471பி1ஜி73பிஎச்0-சிகே0. "சரிசெய்து" தந்த லேப்டாப்புக்குள் இருப்பதும் அதே எண்தான், கடைசி மட்டும் ஒய்கே0. பழைய 4 ஜிபி ரேமையும் காணோம்.

அந்தக் கடைசி எழுத்துகளில்தான் விஷயம். சிகே0 என்றால் 1.5 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3 வகை ரேம். ஒய்கே0 என்றால் 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல் வகை. இரண்டுக்கும் 204 பின், பின்களுக்கு இடையே உள்ள வெட்டும் ஒரே இடத்தில். அதனால் ஒன்றுக்கான ஸ்லாட்டில் (ரேம் செருகும் இடம்) மற்றதும் கச்சிதமாக உட்காரும். ஆனால் இந்த ஐ5-4210யு போன்ற இன்டெல் 4ஆம் தலைமுறை லேப்டாப்புகள் 1.35 வோல்ட் மட்டுமே தரும். 1.5 வோல்ட் ரேம் போட்டால் பெரும்பாலும் திரை கறுப்பாகவே நிற்கும், சிலவற்றில் பீப் சத்தம் வரும். எதுவும் எரிந்துபோவதில்லை. அதைக் கழற்றிவிட்டுப் பழைய ரேமை மட்டும் போட்டால் லேப்டாப் எழுந்துவிடும். கடைக்காரர் செய்திருக்க வேண்டியது அவ்வளவுதான். லேபிளில் டிடிஆர்3எல்லைக் குறிக்கும் பிசி3எல் என்று இருக்கிறதா பாருங்கள்; "எல்" இல்லாத பிசி3 வேண்டாம்.

இந்தத் தலைமுறையில் இன்னொரு பள்ளமும் உண்டு. பிராசசருக்குள் ரேமைக் கையாளும் மெமரி கன்ட்ரோலர் 4 ஜிகாபிட் (அரை ஜிபி) சிப் வரைதான் படிக்கும். அப்படியென்றால் 8 ஜிபி ரேமில் பக்கத்துக்கு 8 வீதம் 16 சிப் இருக்க வேண்டும், லேபிளில் 2ஆர்எக்ஸ்8 என்று போட்டிருக்கும். எட்டே சிப்பில் 8 ஜிபி என்று மலிவாகக் கொடுத்தால், வோல்டேஜ் சரியாக இருந்தாலும் ஓடாது. 3ஆம் தலைமுறைக்கும் இதே கணக்கு. ஒரே ரேம் 16 ஜிபி என்று கேட்டு வாங்கிவிடாதீர்கள்.

அடுத்து வந்த டிடிஆர்4 வகை (260 பின், 1.2 வோல்ட்) லேப்டாப்பில் இந்த வோல்டேஜ் குழப்பம் இல்லை. அங்கே ஏமாற்று வேறு. உதாரணமாக, ஐ5-8250யு பிராசசரில் ரேம் வேகம் 2400க்கு மேல் போகாது. "3200 போட்டால் ஸ்பீடு ஏறும்" என்று கூடுதல் காசு வாங்குவது வீண். 3200 ரேம் பொருந்தும், 2400இல்தான் ஓடும். நான்கே சிப் உள்ள 1ஆர்எக்ஸ்16 ரேம், 1ஆர்எக்ஸ்8ஐவிடச் சற்று மெதுவானது. ஒரே விலை என்றால் எட்டு சிப் உள்ளதையே கேளுங்கள்.

கடைக்குப் போகும் முன் டாஸ்க் மேனேஜரில் மெமரி பகுதியைத் திறந்து எத்தனை ஸ்லாட், எத்தனை நிரம்பியிருக்கிறது என்று பாருங்கள். சிபியு-இசட் நிரலின் எஸ்பிடி (ரேம் தன்னுள் வைத்திருக்கும் விவரங்கள்) பக்கத்தில் இப்போதுள்ள ரேமின் பார்ட் நம்பர் இருக்கும், குறித்துக்கொள்ளுங்கள். எல்பிடிடிஆர் என்று காட்டினால் ரேம் பெரும்பாலும் போர்டிலேயே பற்றவைத்தது, மாற்ற முடியாது.

புதிதாகப் போட்டபின் கடையிலேயே அதே பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். எஸ்பிடியில் தெரியும் நிறுவனம், பார்ட் நம்பர், தயாரித்த வாரம், ஆண்டு எல்லாம் ஸ்டிக்கரோடு ஒத்துப்போக வேண்டும். "புதுசு" என்று கொடுத்ததன் தங்க முனைகளில் கீறல் இருந்தால் அது கழற்றிய ரேமாக இருக்கலாம். வீட்டுக்கு வந்ததும் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 பிளஸ் நிரலை யுஎஸ்பியில் ஏற்றி, இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் திருப்பிக் கொடுங்கள்.

நீங்களே போடுவதென்றால் சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றி, பவர் பட்டனை 15 விநாடி அழுத்திய பிறகு தொடங்குங்கள். ரேமைச் சாய்வாகச் செருகி, தங்க முனை ஏறக்குறைய மறையும்வரை உள்ளே தள்ளி, பிறகு கீழே அழுத்துங்கள்; இரு பக்கக் கிளிப்பும் "டிக்" என்று பிடிக்க வேண்டும். பாதி உட்கார்ந்த ரேமும் கறுப்புத் திரைதான் தரும், அதற்கும் "போர்டு போச்சு" என்பார்கள்.

பில்லில் பார்ட் நம்பரும் சீரியல் நம்பரும் எழுதி வாங்குங்கள். அந்த மாணவியின் கையில் இப்போது இருக்கும் ஒரே ஆதாரம் முதல் பில்லில் இருந்த அந்த எண்தான். அதை வைத்துத்தான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்ல முடிகிறது.