உங்கள் இணையத்தளம் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? வீட்டிலிருந்து தொழில் செய்வோர் கவனத்திற்கு

வீட்டிலிருந்தபடியே தையல், மருதாணி, கேக், பலகாரம் என்று சிறுதொழில் செய்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இணையத்தளம் அமைத்துத் தருவதாகச் சொல்லி யாராவது முன்பணம் கேட்டால், கொடுப்பதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: டொமைன் பெயர், அதாவது உங்கள் இணைய முகவரி, யார் பெயரில் பதிவாகும்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். “எல்லாம் உங்களுடையதுதான் அக்கா” என்று என்னிடம் வாயால் சொன்னவர்தான், தீபாவளி நெருங்கிய நேரத்தில் என் தளத்தை இழுத்து மூடினார்.

நான் சிங்கப்பூரின் உட்லண்ட்சில் உள்ள எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ரவிக்கை தைக்கிறேன், ஆரி வேலைப்பாடும் செய்கிறேன். வீட்டில் தையல் தொழில் செய்ய வீவக அனுமதிக்கிறது. ஆனால் வீட்டில் குடியிருப்பவர்கள்தான் வேலை பார்க்க வேண்டும், விளம்பரப் பலகை வைக்கக் கூடாது. பலகை வைக்க முடியாத எனக்கு இணையத்தளம்தான் பலகை. தொழில்களைப் பதிவு செய்யும் அரசாங்க அமைப்பான அக்ராவில் தொழிலின் பெயரைப் பதிவு செய்திருந்தேன். வாடிக்கையாளர்களும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் தேடி வந்தார்கள்.

தெரிந்தவர்கள் இருந்த ஒரு வாட்ஸ்அப் குழுவின் மூலம் இணையத்தளம் அமைத்துத் தரும் ஒரு சிறு நிறுவனத்தின் உரிமையாளர் அறிமுகமானார். தமிழ்ப் பேச்சு, பணிவு, வீட்டுக்கே வந்து விளக்கிய பொறுமை எல்லாம் இருந்தன. மொத்தம் 1,800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), பாதி முன்பணம். மொத்தத் தொகையில் பாதியை அரசாங்க மானியத்தில் திரும்ப வாங்கித் தருவதாகவும் சொன்னார். மானியம் இருப்பது உண்மைதான். உற்பத்தித்திறன் தீர்வு மானியம் என்ற திட்டத்தில், தகுதியுள்ள செலவில் 50 விழுக்காடு வரை தருகிறார்கள். ஆனால் முன்கூட்டியே அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்களிடம்தான் வாங்க வேண்டும். விண்ணப்பிப்பதற்கு முன்பே பணம் கட்டியிருந்தால் மானியம் கிடையாது. அந்தப் பட்டியலில் இவருடைய நிறுவனத்தின் பெயர் இல்லை. அதோடு, முன்பணத்தை முதலில் வாங்கிக்கொண்டதன் மூலம் மானியத்தின் கதவை அவரே அடைத்திருந்தார். இது தெரிந்தே சொன்ன பொய் என்றுதான் நினைக்கிறேன். இந்தத் தொழிலில் இருக்கிற ஒருவருக்கு இது தெரியாமலிருக்க வாய்ப்பில்லை.

தளம் வந்தது. தளங்களை அமைக்க உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸில் யாருக்கும் இலவசமாகக் கிடைக்கிற ஒரு வடிவமைப்பை எடுத்து, என் படங்களை ஒட்டியிருந்தார். இலவசமானதைப் பயன்படுத்துவதில் தவறில்லை, அமைத்துக் கொடுத்த உழைப்புக்குக் கூலி கேட்பதும் நியாயமே. ஆனால் வடிவமைப்புக்கான உரிமத் தொகை என்று கட்டணச் சீட்டில் தனியாக ஒரு வரி எழுதியிருந்தார். முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுக் குறி தெரிவதற்கான பாதுகாப்புச் சான்றிதழுக்கு ஆண்டுக்கு 120 வெள்ளி. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு அதைப் பல ஆண்டுகளாக உலகம் முழுவதற்கும் இலவசமாகவே வழங்கி வருகிறது. என் தளத்தில் இருந்ததும் அதே இலவசச் சான்றிதழ்தான். கூகுளில் முதலிடத்துக்கு உத்தரவாதம் என்று மாதக் கட்டணம் வேறு கேட்டார். முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டிக் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறது. அதை மட்டும் மறுத்துவிட்டேன்.

தமிழ்ப் பகுதியை அவர் கையாண்ட விதம் இன்னும் என் மனத்தை உறுத்துகிறது. பழைய எழுத்துரு ஒன்றில் தட்டச்சு செய்திருந்ததால் கைப்பேசியில் தமிழ் முழுவதும் கட்டங்களாகத் தெரிந்தது. திருத்தச் சொன்னேன். எல்லாக் கருவிகளிலும் சரியாகத் தெரியும் யூனிகோடில் மறுபடி தட்டச்சு செய்வதை விட்டுவிட்டு, தமிழ் வரிகளையெல்லாம் படங்களாக்கி ஒட்டிவிட்டார். படத்தில் இருக்கிற எழுத்தை விரல் வைத்துப் பெரிதாக்கினால் மங்குகிறது, நகலெடுக்க முடிவதில்லை, தமிழில் தேடுகிறவர்கள் கண்ணிலும் படுவதில்லை. தமிழ் அதிகாரத்துவ மொழியாக இருக்கும் நாடு இது. ‘.சிங்கப்பூர்’ என்று தமிழிலேயே முடிகிற இணைய முகவரி 2011 முதல் நமக்கு இருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில், தமிழரிடம் பணம் வாங்கிய ஒரு தமிழர் தமிழுக்கு இவ்வளவுதான் மரியாதை கொடுத்தார்.

இத்தனையையும்கூடப் பொறுத்துக்கொண்டு போயிருப்பேன்.

ஓராண்டு முடிந்ததும் பராமரிப்புக் கட்டணத்தை 240 வெள்ளியிலிருந்து 960 வெள்ளிக்கு ஏற்றினார். காரணம் கேட்டேன், பதில் இல்லை. பழைய கட்டணத்தையே தருகிறேன், இல்லையென்றால் தளத்தை வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்கிறேன் என்று எழுதினேன். மறுநாள் காலையில் தளம் இல்லை. எங்களுக்குத் தீபாவளிக்கு முந்திய மாதங்கள் என்றால் என்னவென்று தையல்காரர்களுக்குத் தெரியும். ஆண்டு வருமானத்தின் பெரும்பங்கு அப்போதுதான் வரும். அச்சடித்துக் கொடுத்த அட்டைகளிலும், தைத்த துணியோடு அனுப்பும் பைகளிலும் அந்த முகவரிதான் இருந்தது. திறந்து பார்த்தவர்கள் நான் தொழிலையே விட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டார்கள்.

டொமைனை மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டபோது, “விடுவிப்புக் கட்டணம்” 1,200 வெள்ளி என்றார். என் தொழிலின் பெயரை எனக்கு விடுவிக்கக் கட்டணம்! பிறகுதான் உலக அளவில் இணைய முகவரிகளை ஒழுங்குபடுத்தும் ஐகேன் அமைப்பின் தேடல் பக்கத்தில் முகவரியைத் தட்டிப் பார்த்தேன். பதிவுதாரர் என்ற இடத்தில் அவருடைய நிறுவனத்தின் பெயர் இருந்தது.

இது எப்படி நடக்கிறது என்பதை விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் சிக்கல் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. .காம் முகவரியைப் பதிவு செய்யும்போது யாருடைய பெயரும் மின்னஞ்சலும் கொடுக்கப்படுகிறதோ, அவரே பதிவுதாரர். பணம் யார் தந்தார், எந்தக் கடைக்கான பெயர் என்பதையெல்லாம் பதிவேடு பார்ப்பதில்லை. முகவரியை வேறு பதிவு நிறுவனத்துக்கு மாற்ற ஓர் அனுமதிக் குறியீடு தேவை. பதிவுதாரர் கேட்டால் ஐந்து நாள்களுக்குள் அதைக் கொடுக்க வேண்டும் என்பது ஐகேன் விதி. அந்த உரிமையும் பதிவுதாரருக்குத்தான், எனக்கு இல்லை. டொமைன் தகராறுகளுக்கென்று அனைத்துலக நடுவர் முறை ஒன்று இருக்கிறது. அங்கே போவதற்கு வணிக முத்திரை உரிமை காட்ட வேண்டும், உலக அறிவுசார் சொத்து அமைப்பின் வழியாகப் போனால் கட்டணம் 1,500 அமெரிக்க டாலரிலிருந்து தொடங்குகிறது. ஆண்டுக்குச் சில பத்து வெள்ளி பெறுமானமுள்ள ஒரு முகவரிக்காக அவ்வளவு செலவழிக்க யாரால் முடியும்? இந்தக் கணக்கு தெரிந்துதான் இப்படிப்பட்டவர்கள் முகவரியைத் தங்கள் பெயரில் வைத்துக்கொள்கிறார்கள்.

சிங்கப்பூருக்குரிய .எஸ்ஜி முகவரியில் இந்த வேலை சற்றுக் கடினம். அதற்கு நிர்வாகத் தொடர்பாளராகப் பதிவாகிறவருக்கு ஒரு மின்னஞ்சல் வரும். அவர் 21 நாள்களுக்குள் அரசாங்கத்தின் மின்னிலக்க அடையாளமான சிங்பாஸ் மூலம் தம்மை உறுதி செய்ய வேண்டும், தவறினால் முகவரி முடக்கப்படும். ஆகவே உங்களுக்காக .எஸ்ஜி முகவரி வாங்கியதாக ஒருவர் சொல்லியும் அப்படியொரு மின்னஞ்சல் உங்களுக்கு வரவில்லை என்றால், வேறு யாரோ உறுதி செய்திருக்கலாம். உடனே விசாரியுங்கள். இன்னொன்று, உறுதிப்படுத்தலுக்கு உதவுவதாகச் சொல்லி யார் உங்கள் சிங்பாஸ் கடவுச்சொல்லைக் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

என்னை உறங்கவிடாமல் செய்தது வேறொன்று. தளத்தில் ஒரு படிவம் இருந்தது. வாடிக்கையாளர்கள் பெயர், கைப்பேசி எண், வீட்டு முகவரி, ரவிக்கை அளவு எல்லாவற்றையும் அதில் நிரப்பி அனுப்புவார்கள். பெண்களின் உடல் அளவுகள் அவை. என்னை நம்பிக் கொடுத்தவை. அவை முதலில் அவருடைய மின்னஞ்சல் பெட்டிக்குப் போய், அங்கிருந்துதான் எனக்கு வந்திருக்கின்றன. 2012ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, என் சார்பில் இன்னொருவர் கையாண்டாலும் அந்த விவரங்களுக்கு என் தொழிலே பொறுப்பு. ஒவ்வொரு வாடிக்கையாளரையும் அழைத்து நடந்ததைச் சொன்னேன். பெரும்பாலோர் ஆறுதலாகப் பேசினார்கள். ஒருவர் மட்டும், “இனிமேல் நேரில்தான் அளவு கொடுப்பேன் அக்கா” என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

புகார் செய்ய எங்கே போவது என்பதிலும் நிறைய அலைச்சல். பயனீட்டாளர் சங்கமான கேஸ், தனிப்பட்ட பயனீட்டாளர்களுக்காக இருக்கிறது. தொழிலுக்காக வாங்கிய சேவை என்றால் அது இரு வணிகங்களுக்கு இடையிலான தகராறாகிவிடும். நமக்குப் பொருத்தமான இடம் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே கொண்டு போகலாம், இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. வழக்கறிஞர்கள் வாதாட முடியாது என்பதால் எதிர்த்தரப்பு வக்கீலோடு வந்து மிரட்டும் என்ற பயமும் வேண்டாம். இணையம் வழியாகவே தாக்கல் செய்யலாம். கட்டணச் சீட்டுகள், பேநவ் வழியாகப் பணம் அனுப்பிய பதிவுகள், வாட்ஸ்அப் உரையாடல்கள், தளம் மூடிக் கிடந்ததைக் காட்டும் திரைப்பிடிப்பு எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கிக் கொடுத்தேன். மானியம் பற்றி அவர் அனுப்பியிருந்த குரல் பதிவு மிகவும் உதவியது. சமரசப் பேச்சில் அவர் தொகையில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தார். பழைய முகவரியை நான் விட்டுவிட்டேன். அதன் பின்னால் ஓடுவதற்கு என் தையல் வேலை இடம் கொடுக்கவில்லை.

இப்போது நானே .எஸ்ஜி முகவரி வாங்கி, என் மின்னஞ்சலில், என் சிங்பாஸால் உறுதி செய்து வைத்திருக்கிறேன். சிங்கப்பூரில் இருக்கும் தனிநபர்களும் இதை வாங்கலாம். .காம்.எஸ்ஜி வேண்டுமென்றால்தான் அக்ரா பதிவு போன்றவை தேவை. தளத்தின் கோப்புகளை வைத்திருக்கும் ஹோஸ்டிங் கணக்கும் என் பெயரில், என் வங்கி அட்டையில் இருக்கிறது. தளத்தை அமைக்க ஒரு மாணவி உதவினார். அவருக்கென்று தனிப் பயனர் கணக்கு திறந்து கொடுத்தேன், வேலை முடிந்ததும் அதை நீக்கிவிட்டேன். மூன்றே பக்கங்கள்: என்ன தைக்கிறேன், என்ன விலை, எப்படித் தொடர்புகொள்வது. தமிழ் தமிழாகவே தெரிகிறது. அளவுப் படிவத்தை மட்டும் மறுபடி வைக்கவில்லை.

ஏற்கெனவே ஒருவரிடம் தளம் அமைத்திருக்கிறீர்கள் என்றால், அவரோடு உறவு நன்றாக இருக்கும்போதே பதிவுதாரர் பெயரைத் தேடிப் பாருங்கள். .காம் முகவரிகளில் சில சமயம் பெயர் மறைக்கப்பட்டிருக்கும். அப்போது டொமைன் கணக்கை உங்கள் மின்னஞ்சலுக்கு மாற்றித் தரும்படி அவரிடமே எழுதிக் கேளுங்கள். நேர்மையானவர் தயங்காமல் செய்து கொடுப்பார். இழுத்தடித்தால், அந்த உரையாடலையும் கட்டணச் சீட்டுகளையும் பத்திரப்படுத்திக்கொண்டு மன்றத்தில் தாக்கல் செய்யுங்கள். தகராறு எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அதற்குப் பிறகு மன்றம் கோரிக்கையை ஏற்காது.